சலக்கடுப்பும் இரண்டு குளிசையும்

அக்கரைப்பற்றுப் பிரதான வீதியில் ஏதாவதொரு பார்மசியின் முன் அரை மணித்தியாலம் நின்றால் போதும். "சலம் எரியுது தம்பி, ரெண்டு குளிசை தாங்க" என்ற குரல் எப்படியும் காதில் விழும். பல வேளை அதைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மகன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பழைய குளிசை அட்டையை நீட்டி, "உம்மாக்குப் போன முறை குடுத்தது இதுதான்" என்பான். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, கத்தரிக்கோலால் நாலு குளிசையை நறுக்கி, சின்னக் கடதாசி உறையில் போட்டு, காலை மாலை என்று கோடு கிழித்துக் கொடுப்பார். வைத்தியரின் துண்டு எங்கே என்று கேட்க மாட்டார். ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும்.

கல்முனையிலும் நிந்தவூரிலும் ஆலையடிவேம்பிலும் திருக்கோவிலிலும் இதே காட்சிதான். இலங்கையின் ஒன்பது மாகாணங்களிலும் நோயாளிபோல நடித்துப் பார்மசிகளுக்கு ஆட்களை அனுப்பி ஓர் ஆய்வு நடந்தது. 2019இல் வெளியான அதன் முடிவின்படி, வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோடிக் கொடுத்த கடைகள் ஐந்தில் மூன்று. சட்டப்படி ஒரு கடையிலும் கொடுத்திருக்கக் கூடாது.

செய்தி வெளியானதும் வழக்கமான பேச்சுத் தொடங்கியது. சனங்களுக்கு விளக்கம் இல்லை, விழிப்புணர்வு வேண்டும், பதாகை கட்ட வேண்டும், பாடசாலையில் கருத்தரங்கு வைக்க வேண்டும். நவம்பரில் ஒரு வாரம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பார்மசிக்கு வரும் அந்தத் தாயின் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தார்களா? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓபிடி வரிசையில் ஒரு காலை போய்விடும். வரிசையின் முடிவில் இருப்பவர் ஆண் வைத்தியராக இருந்தால், சலம் போகும் இடத்தில் எரிவு என்று சொல்ல இந்தக் கரையோரத்துப் பெண்களில் பலருக்கு நாக்கு எழாது. சொன்னாலும் கிடைப்பது ஒரு யூஎஃப்ஆர் பரிசோதனை. அது தொற்று இருக்கலாம் என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்டீரியா, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சொல்லாது. அதைச் சொல்ல யூரின் கல்ச்சரும் ஏபிஎஸ்டியும் வேண்டும். தனியாரிடம் செய்தால் நாலு குளிசையின் விலையைப் போலப் பல மடங்கு. பதில் வர இரண்டு மூன்று நாள். எரிவோ இன்றைக்கு, இப்போது. அந்த உம்மா எடுக்கும் முடிவு முட்டாள்தனமானது என்று சொல்ல முடியாது. ஊரின் ஏற்பாடு அவரை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அவர் போகிறார்.

மருந்தெதிர்ப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான். குளிசை ஐந்து நிமிடத் தூரத்திலும் பரிசோதனை மூன்று நாள் தூரத்திலும் இருக்கும்வரை எந்தப் பதாகையும் எடுபடாது.

இந்த எரிவுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பக்டீரியா. சிறுநீர்த் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்கு அதன் வேலை. ஜெர்மனியக் குழந்தை வைத்தியர் தியோடர் எஷரிக் 1885இல் குழந்தைகளின் மலத்தில் அதைக் கண்டு எழுதினார்; பிற்காலத்தில் அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. எல்லா மனிதரின் குடலிலும் அது குடியிருக்கிறது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலான வகைகளால் தொந்தரவு இல்லை. சிறுநீர்ப் பாதைக்கு ஏறினால் எரிவு. சிறுநீரகத்துக்கு ஏறினால் நடுக்கக் காய்ச்சல். இரத்தத்துக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. பெண்களின் சிறுநீர்க்குழாய் குட்டை என்பதால் அவர்களுக்கு இது அதிகம். ஏறத்தாழப் பாதிப் பெண்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவிக்கிறார்கள். வெயிலில் வயலில் நின்று தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர், பாடசாலைக் கழிவறையின் நிலைமைக்குப் பயந்து பின்னேரம்வரை அடக்கி வைத்திருக்கும் பிள்ளை, நீரிழிவு உள்ள மூத்தம்மா, கர்ப்பிணி என்று இதற்கு ஆளாகிறவர்களின் வரிசை நீளமானது.

இந்தச் சாதாரண உயிரி அன்டிபயோடிக்கின் காலம் தொடங்குமுன்பே அதற்குத் தயாராக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பெனிசிலினைத் தூய்மைப்படுத்திய குழுவைச் சேர்ந்த எட்வர்ட் ஏப்ரஹாமும் ஏர்ன்ஸ்ட் செயினும் 1940 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்கள். பெனிசிலினை அழிக்கும் ஒரு நொதியத்தைச் சில பக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன என்றது அது. அதை அவர்கள் பிரித்தெடுத்தது ஈ.கோலையிலிருந்து. அதே குழு ஒரு நோயாளிக்குச் சிகிச்சையாக முதன்முதலாகப் பெனிசிலின் ஊசி போட்டது 1941 பெப்ரவரியில்தான். மருந்து நோயாளியைச் சேர்வதற்கு முன்பே அதற்கு எதிரான ஆயுதம் ஆய்வுகூடத்துக் குப்பியில் இருந்தது.

அடுத்த அதிர்ச்சி ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே இரத்தக் கழிச்சல் பரவியபோது சல்ஃபா மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின், குளோரம்பெனிக்கோல் எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுத்தார்கள். 1950களின் பிற்பகுதியில் நான்குக்கும் ஒரே நேரத்தில் அடங்காத கழிச்சல் கிருமிகள் தோன்றின. ஒரு கிருமி நான்கு மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக, அதுவும் இவ்வளவு வேகமாக அடைவது நடக்கக்கூடியதல்ல. 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓச்சியாயும் அக்கிபாவும் தனித்தனியே காரணத்தைக் காட்டினார்கள்: எதிர்ப்புச் சக்தி ஈ.கோலையிலிருந்து கழிச்சல் கிருமிக்கும், அங்கிருந்து திரும்பவும், முழுப் பொதியாகக் கைமாறுகிறது. பரீட்சை மண்டபத்தில் ஒருவன் எழுதிய விடைத்தாள் வரிசை முழுக்கப் போவதுபோல, பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையம் ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. இனம் வேறாக இருந்தாலும் அது தடையில்லை.

நாலு குளிசையைக் கண்டபடி விழுங்குகிற விஷயத்தின் பாரதூரம் இங்கேதான் விளங்கும். ஒருவர் விழுங்கும் சிப்ரோஃப்ளொக்சசின் அவரது சிறுநீர்ப் பையில் உள்ள கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. குடலில் வாழும் கோடிக்கணக்கான அப்பாவி ஈ.கோலைகளையும் அது வடிகட்டுகிறது. தாக்குப்பிடித்தவை மிஞ்சிப் பெருகும். வசதியான நிலையில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கக்கூடியது. சில மாதம் கழித்து மறுபடி எரிவு வரும்போது, ஏறிவருவது அந்த மிஞ்சியவையாக இருக்கலாம். "போன முறை தந்த அதே குளிசை" இம்முறை வேலை செய்யாமல் போவது இப்படித்தான்.

தென்னாசியாவின் பங்கு இந்தக் கதையில் பெரியது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பயனில்லை. ஆனால் தொடக்கம் வேறிடத்தில். 1960களின் தொடக்கத்தில் ஏதென்ஸ் நகரத்து நோயாளி ஒருவரின் ஈ.கோலையில் அம்பிசிலினை அழிக்கும் நொதியம் கண்டுபிடிக்கப்பட்டது. அம்பிசிலின் சந்தைக்கு வந்தே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதை வெல்ல மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் மருந்துகள் வந்தன. அவற்றையும் வெட்டும் நொதியங்கள் 1980களில் தலைகாட்டின. இவற்றைத்தான் வைத்தியர்கள் ஈஎஸ்பிஎல் என்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் இன்று உலகெங்கும் பரவிக் கிடக்கும் சிடிஎக்ஸ்-எம்-15 முதலில் இனங்காணப்பட்டது 1999இல் புதுடில்லியில் எடுக்கப்பட்ட மாதிரிகளில். பிறகு கடைசி அரண் என்று வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளின் முறை. டில்லியில் சிகிச்சை பெற்று 2008இல் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் கண்டெடுக்கப்பட்ட நொதியத்துக்கு நகரத்தின் பெயரையே வைத்து என்டிஎம்-1 என்றார்கள்.

அதன் பரவலை உலகுக்குக் காட்டிய 2010ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பிரித்தானிய ஆய்வாளர் டிம் வோல்ஷும் அதில் இருந்தார். 'லான்செட் தொற்றுநோய்கள்' இதழில் வந்த அந்தக் கட்டுரையில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள் இருந்தன. டில்லி கொதித்தது. இது இந்தியாவின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று அரசியல்வாதிகள் பேசினார்கள். ஊர்ப் பெயரை எடுக்கச் சொல்லி வாதாடினார்கள். அடுத்த ஆண்டு வோல்ஷின் குழு டில்லித் தெருக்களில் தேங்கிய நீரையும் குழாய்நீரையும் எடுத்துப் பார்த்தது. தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் என்டிஎம்-1ஐ உண்டாக்கும் மரபணு இருந்தது. கோபத்தை ஒதுக்கிவைத்து வேலையில் இறங்கியவர்களும் உண்டு. 2012இல் இந்திய வைத்தியச் சங்கங்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. அதற்கு முன்னின்றவர் வைத்தியர் அப்துல் கபூர். 2014 மார்ச்சில் இந்தியா 24 அன்டிபயோடிக்குகளையும் உள்ளடக்கிய எச்1 அட்டவணையை நடைமுறைப்படுத்தியது. துண்டைக் கடைக்காரர் பதிந்து வைக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை கடை பதிகிறது என்பது வேறு கதை.

இலங்கை இந்த வலையமைப்புக்கு வெளியே இல்லை. நெதர்லாந்தில் 2,001 பயணிகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. வெளிநாடு போகுமுன் ஈஎஸ்பிஎல் கிருமி இல்லாதவர்களில் மூன்றில் ஒருவர் அதைக் குடலில் சுமந்துகொண்டு வீடு திரும்பினார். தென்னாசியாவுக்கு வந்து போனவர்களில் அது நான்கில் மூன்று. விடுமுறைக்கு வந்தவர் சில வாரத்தில் வாங்கிப் போவதை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எந்த அளவில் சுமப்பார்கள் என்று யோசிக்கலாம். சுமப்பவர் நோயாளி அல்லர். அவருக்கு ஒன்றும் தெரியாது. தொற்று வரும் நாளில்தான் கணக்குத் தீர்க்கப்படும்.

அந்த நாளில் என்ன நடக்கும்? முன்பு வீட்டிலிருந்தே குளிசையால் மாறிய சலக்கடுப்பு மாறாது. இரண்டாம் குளிசை, மூன்றாம் குளிசை. பிறகு இடுப்பு நோவு, குலைநடுக்கம், வாட்டில் படுக்கை, கையில் ஊசி வழியாக ஒரு வாரத்துக்கு மெரோபெனம் என்ற கார்பபெனம் மருந்து. தாய் ஆஸ்பத்திரியில் என்றால் தகப்பன் வயலுக்கோ கடலுக்கோ போக முடியாது. பிள்ளைகள் பெரியம்மா வீட்டில். இலவச சுகாதார சேவை மருந்தின் விலையைத் தாங்கும். இந்த இழப்பைத் தாங்காது. கர்ப்பிணிக்கு ஆபத்து இன்னும் கூட. எரிவே இல்லாமலும் சிறுநீரில் கிருமி இருக்கலாம், அது சிறுநீரகத்துக்கு ஏறலாம், பிரசவம் முந்தலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர் கல்ச்சர் செய்யப் பரிந்துரைக்கிறது. கர்ப்ப காலத்தில் சிப்ரோவை வைத்தியர்கள் தவிர்ப்பார்கள். கடையில் அட்டை நறுக்குபவர் வாசலில் நிற்கும் பையனிடம் "உங்கட ராத்தாக்கா, வயித்துல பிள்ளையா?" என்று கேட்பாரா?

உலகக் கணக்கு இன்னும் பெரிது. 2019இல் மட்டும் மருந்தெதிர்ப்பே நேரடிக் காரணமாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022இல் 'லான்செட்' மதிப்பிட்டது. காரணமான கிருமிகளில் முதலிடம் ஈ.கோலைக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரினுக்கு அடங்காத ஈ.கோலை உலகளவில் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தப்பட்ட தொற்றுகளில் உலகில் ஆறுக்கு ஒன்று மருந்துக்கு அடங்காதது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மூன்றுக்கு ஒன்று. அந்த நிறுவனத்தின் பிராந்தியப் பிரிப்பில் இலங்கையும் இந்தியாவும் அங்கேதான் வருகின்றன.

இத்தனைக்கும் இலங்கை இந்த விஷயத்தில் வெறுங்கையோடு நிற்கும் நாடல்ல. தேவையான மருந்து எது, எவ்வளவு, எந்த விலைக்கு என்று அரசே யோசிக்க வேண்டும் என்ற எண்ணத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் பேராசிரியர் சேனக பிபிலே முக்கியமானவர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர். இன்றும் அதன் ஒசுசல கடைகளில் அந்தச் சிந்தனையின் மிச்சம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையைக் கொண்டுவந்தது. எந்தத் தொற்றுக்கு எந்த மருந்தில் தொடங்குவது என்ற தேசிய வழிகாட்டி 2016இல் வந்தது. மருந்தெதிர்ப்புக்கான முதலாவது தேசியத் திட்டம் 2017இலிருந்து 2022வரை. இரண்டாவது 2023இலிருந்து 2028வரை. தாள்களுக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில். மருந்தாளர் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் தொங்க, மருந்தாளர் வேறெங்கோ இருக்கும் கடைகள் நாடு முழுக்க உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்தபோது, வைத்தியர்கள் பொருத்தமானதை விட்டுக் கையிருப்பில் உள்ளதைக் கொடுத்தார்கள். ஆய்வுகூடப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு. அடுத்த ஆண்டு தரமற்ற இம்யூனோகுளோபியூலின் விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானதோடு ஆஸ்பத்திரி மருந்தின் மீதே சனங்களுக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டது. நம்பிக்கை ஆடும்போது மனிதர் தாங்களே வைத்தியராவார்கள். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வரும் பெட்டிகளில் பேரீச்சம்பழத்தோடு அன்டிபயோடிக் பக்கெட்டும் வந்த காலம் ஒன்று இருந்தது. சவூதி 2018இல் துண்டில்லா விற்பனையை இறுக்கிய பிறகும் அந்தப் பழக்கம் முற்றாகப் போகவில்லை.

கடைகளைச் சோதனை போட்டு மூடினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் கேரளாவைக் காட்டுகிறார்கள். 2024இல் அங்கே 'ஒபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் திடீர்ச் சோதனைகள் நடந்தன. துண்டில்லாமல் விற்றால் பொதுமக்களே முறையிடலாம். நல்ல காரியம். ஆனால் அந்தச் சோதனைக்கு முன்பே கேரளா 2018இல் தனக்கென்று ஒரு திட்டம் வகுத்தது, ஆய்வுகூடங்களை வலையாகப் பின்னியது, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை வீதம் அடங்குகிறது என்ற மாநில அட்டவணையை வெளியிட்டது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதனையை மட்டும் இங்கே இறக்கினால், விற்பனை கடையின் முன்கதவிலிருந்து பின்கதவுக்குப் போகும், விலை கூடும்.

"கோர்ஸை முடியுங்கள்" என்ற பழைய அறிவுரையையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். அதிக நாள் குடித்தால் எதிர்ப்பு வராது என்பதற்கு ஆதாரம் குறைவு என்று 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு வைத்தியர் குழு எழுதியது. குடலில் உள்ள கிருமிகளுக்கு ஒவ்வொரு மேலதிக நாளும் மேலதிக வடிகட்டல். சிக்கலற்ற சலக்கடுப்புக்கு நைட்ரோபியூரண்டோயின் ஐந்து நாள் போதும் என்று பல நாடுகளின் வழிகாட்டிகள் சொல்கின்றன. 1953இல் வந்த அந்தக் கிழட்டு மருந்து இன்றும் பெரும்பாலான ஈ.கோலையை அடக்குகிறது, விலையும் சொற்பம். சிப்ரோவை இப்படியான எளிய தொற்றுக்குக் கையில் எடுக்க வேண்டாம், வேறு வழி இல்லாதபோது மட்டும் பாவியுங்கள் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. தசைநார் பாதிப்பு அதன் பக்க விளைவுகளில் ஒன்று. ஆனால் நம் கடைகளில் கை முதலில் போவது சிப்ரோ அட்டைக்குத்தான். வைத்தியர் ஐந்து நாள் எழுதினால் ஐந்து நாளும் குடிக்க வேண்டும், தானாக நிறுத்தவோ நீட்டவோ கூடாது என்பது சரி. அந்த ஐந்து எப்படி ஐந்தானது என்பதை வைத்தியர் சொல்லியனுப்புவதும் சரி.

நோன்பு மாதத்தில் இது இன்னொரு உருவம் எடுக்கும். நாலு வேளைக் குளிசையை நோன்பு துறக்கும்போது இரண்டு, சஹருக்கு இரண்டு என்று சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. இரண்டு வேளை மட்டும் போதுமான மருந்தும், அதே மருந்தின் இரு வேளை வடிவமும் இருக்கின்றன. "நோன்பு பிடிக்கிறேன் டொக்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மாற்றி எழுதுவார். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிக் காய்ச்சல் அடிக்கிறவருக்கு நோன்பை விட்டுப் பிறகு பிடிக்க மார்க்கம் அனுமதிக்கிறது என்பதை எந்த ஹஸ்ரத்தும் மறுக்க மாட்டார். ஜும்ஆ பிரசங்கத்தில் இதைச் சொன்னால் பயன்தான். ஆனால் ஊரில் எது கோளாறானாலும் கதீப்பின் தலையில் போட்டுவிட்டுச் சுகாதாரப் பணிமனை கையைத் துடைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும்.

குடலைத் தாண்டி மண்ணுக்கும் வர வேண்டியிருக்கிறது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை கரையோரம் மணல். நிலத்தடி நீர் சில அடி ஆழத்தில். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற இடங்களில் வளவுகள் துண்டுதுண்டாகப் பிரிந்து, ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலசலகூடக் குழி, நடுவில் மூன்று தலைமுறை வீடு. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி வேண்டும் என்று பீஎச்ஐமார் சொல்வார்கள். பல வளவுகளின் முழு நீளமே அவ்வளவு வராது. 2004 சுனாமிக்குப் பின் உப்பேறிய கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்ததில் இந்த மணலின் குணம் எல்லோருக்கும் விளங்கியது: மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேரும். குழாய்நீர் வந்துவிட்டது, ஆனால் குளிக்கவும் சட்டி பானை கழுவவும் கிணறு இன்னும் இருக்கிறது. கிணற்று நீரைச் சோதிக்கும்போது ஈ.கோலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மலக் கலப்பு என்று முடிவு. அந்த ஈ.கோலை எந்த மருந்துக்கு அடங்காதது என்று வழக்கத்தில் யாரும் பார்ப்பதில்லை.

கோழிப் பண்ணைகளும் கணக்கில் வர வேண்டும். உலகில் பாவிக்கப்படும் அன்டிபயோடிக்குகளில் பாதிக்கு மேல் கால்நடைகளுக்குப் போகிறது. வளர்ச்சிக்காகத் தீனியில் மருந்து கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியது. சீனப் பன்றிகளில் கொலிஸ்டினுக்கு எதிர்ப்புத் தரும் மரபணு 2015இல் கண்டுபிடிக்கப்பட்ட பின், இந்தியா 2019இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. கொலிஸ்டின் என்பது மெரோபெனமும் கைவிட்ட நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் எஞ்சியிருக்கும் மருந்து.

மனிதர், உணவு, சூழல் மூன்றிலும் ஈஎஸ்பிஎல் ஈ.கோலை என்ற ஒரே ஒரு கிருமியை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கும் எளிய முறையொன்றை உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்டது. 'டிரைசைக்கிள்' என்று பெயர். பெரிய இயந்திரங்கள் வேண்டாம். தட்டில் கிருமி வளர்க்கத் தெரிந்த ஆய்வுகூடம் போதும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அக்கரைப்பற்றுக் கிணறுகள், கல்முனைச் சந்தைக் கோழி, கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் என மூன்று இடத்து மாதிரிகளை எடுத்து, ஓராண்டுக்குள் ஒரு படத்தை வரைந்துவிட முடியும். இறுதியாண்டு மாணவர்களுக்கு இதைவிட உருப்படியான ஆய்வுத் தலைப்பு கிடைக்குமா என்று தெரியவில்லை.

பரிசோதனையை எட்டத்தில் கொண்டுவருவதற்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. நுண்ணுயிரியல் விசேட வைத்திய நிபுணர் ஒவ்வோர் ஆதார வைத்தியசாலைக்கும் கிடைக்க மாட்டார், அது யதார்த்தம். ஆனால் சிறுநீர் பயணம் செய்யும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 24 மணித்தியாலம் தாங்கும். போரிக் அமிலம் போட்ட சிறு குப்பியில் குளிரூட்டல் இல்லாமலும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் தாங்கும். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழுள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து தினமும் மதியம் ஒரு வாகனம் குப்பிகளைச் சேர்த்துக்கொண்டு கல்ச்சர் செய்யக்கூடிய ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனால் போதும். பதிலைத் தொலைபேசியில் அனுப்பலாம். வைத்தியர் முதல் நாள் வழிகாட்டியின்படி நைட்ரோபியூரண்டோயினில் தொடங்குவார். மூன்றாம் நாள் பதில் பார்த்து மாற்றுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார். வாரத்தில் இரண்டு பின்னேரமாவது பெண் வைத்தியர் இருக்கும் கிளினிக் ஒன்று, குப்பி நிரப்ப ஒரு சுத்தமான கழிவறையோடு இருந்தால், பார்மசி வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதி அங்கே வரும்.

துண்டில்லாமல் விற்பதற்கான தடையை அதன் பிறகு இறுக்கலாம். முதலில் ஒசுசலவிலும் பெரிய பார்மசிகளிலும். அடுத்த சுற்றில் மற்றவற்றில். போவதற்கு இடம் கொடுத்துவிட்டுக் கதவை மூடுவது நியாயம்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு தாள் தேவை. அன்டிபயோகிராம் என்று வைத்தியர்கள் சொல்வது அதைத்தான்: இந்தப் பிராந்தியத்தில் கடந்த ஆண்டு சிறுநீரில் வளர்ந்த ஈ.கோலைகளில் எத்தனை வீதம் எந்த மருந்துக்கு அடங்கின. இலங்கை நுண்ணுயிரியல் நிபுணர்கள் கல்லூரி தேசிய அளவில் தரவு திரட்டுகிறது. ஆனால் கொழும்புத் தரவை வைத்து அக்கரைப்பற்றில் மருந்து எழுதுவது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது. ஆண்டுக்கொரு முறை, தமிழிலும் சிங்களத்திலும், ஒரு பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு ஓபிடி மேசையிலும் தனியார் வைத்தியரின் சேனல் அறையிலும் பார்மசிக் கவுண்டரிலும் ஒட்ட வேண்டும். சிப்ரோவுக்கு எதிரே நூற்றுக்கு எத்தனை என்ற இலக்கத்தை வாடிக்கையாளரும் வாசிக்கட்டும். சர்வதேச விதிப்படி ஒரு வகைக் கிருமியில் 30 மாதிரியாவது இருந்தால்தான் அந்த வீதத்தை அச்சிடலாம். அக்கரைப்பற்றில் மட்டும் அந்த 30 தேறாவிட்டால், சம்மாந்துறையும் கல்முனையும் நிந்தவூரும் திருக்கோவிலும் சேர்ந்து ஒரே தாளில் எழுதட்டும். நிர்வாக எல்லைகள் வேறுவேறான ஊர்கள்தான், ஆனால் ஈ.கோலை அந்த எல்லைகள் எதையும் பார்த்துப் பரவுவதில்லை. இரண்டாம் தேசியத் திட்டம் முடிய 2028 டிசம்பர்வரை அவகாசம் இருக்கிறது. முதலாவது தாள் அதற்கு முன்னரே வந்துவிடலாம்.